லிஃப்டில் மாட்டியவருக்கு நல்வாழ்த்துகள்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கிற ஒருவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "பண்டிகை நல்வாழ்த்துகள்" என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பண்டிகைக்கு முந்தைய அந்த வாரம் முழுக்க அதைத்தான் சொல்லியாக வேண்டும் என்று லிஃப்ட் உதவி மையத்தில் உத்தரவு வந்திருந்தது.

உத்தரவைப் போட்டவர் மேலாளர். தாளில் அச்சடித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, ஸ்கேல் வைத்து நேர் பார்த்து, இரண்டு மேசைகளுக்கும் நடுவில் இருந்த சுவரில் தானே ஒட்டினார். "பண்டிகை நல்வாழ்த்துகள்! தங்கள் பயணம் இனிதாக அமைய எங்கள் லிஃப்ட் உதவி மையம் என்றும் தங்களுடன். சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்?" அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "சிரித்த முகத்துடன் சொல்லவும். சிரிப்பு குரலில் தெரியும்."

"பயணம் இனிதாகவா?" என்றான் கம்பி. பழுது பார்க்கப் போகும் மெக்கானிக்குகளில் அவன்தான் ஒல்லி. மூடிய கதவின் இடுக்கில்கூட நுழைந்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். "அவன் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கான். எங்கேருந்து எங்கே பயணம்?"

எல்லாரும் சிரித்தார்கள். தராசு மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசு என்பது அவளுக்கு அங்கே வைத்த பெயர். டீயா காபியா என்று கேட்டால்கூட இந்தத் தட்டில் ஒரு முறை, அந்தத் தட்டில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அதற்குள் இரண்டும் ஆறிப்போயிருக்கும். வேலையில் மட்டும் அப்படியில்லை. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எண்ணைப் பார்த்து, எந்தக் கட்டடம் என்று கண்டுபிடித்து, கம்பியையோ வேறு ஒருவரையோ அனுப்பிவிடுவாள். லிஃப்டுக்குள் இருப்பவருக்கு இந்த அறை தெரியாது. அவருக்கு முன்னால் மணி படம் போட்ட ஒரு பொத்தான், அதன் மேல் சல்லடை போல ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. பொத்தானை அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், குரல் போகும். மறுபடி அழுத்தினால் இணைப்பு அறுந்துவிடும். அவ்வளவுதான். முகம் கிடையாது, கை கிடையாது. குரல் ஒன்றுதான் கயிறு.

அவளுக்கு இது தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீட்டுக்கு. பேசுகிற அத்தனையும் பதிவாகும். தினமும் காலையில் மேலாளர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிலவற்றைக் கேட்டு மதிப்பெண் போடுவார். போன வருடம் கட்டட உரிமையாளர் சங்கத்துத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்களுக்கு நல்ல நாள் பெரிய நாள்னு ஒண்ணும் கிடையாதா? எழவு வீட்ல பேசற மாதிரியே பேசறாங்களே" என்று கேட்டுவிட்டாராம். அந்த ஒரு வார்த்தை அவரை வருடம் முழுக்க முள்ளாகக் குத்தியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் விளக்கு எரிந்தது. தராசு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தாளைப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

அந்தப் பக்கம் எதுவோ சொட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, கிண்டலா?" என்றது ஓர் ஆண் குரல்.

"இல்லங்க சார், சொல்லுங்க, என்ன உதவி—"

"கரண்ட் போயி இருட்டுல நின்னுட்டிருக்கேன். கையில பால் பாக்கெட் ஒழுகுது. உனக்குப் பண்டிகை கேக்குதா?"

பக்கத்து மேசை அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்கா அந்த அறையில் பழம் தின்று கொட்டை போட்டவள். எத்தனையோ மேலாளர்களைப் பார்த்தவள். அவள் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வது மாதிரி மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். "சொன்னதாவும் ஆச்சு, யாருக்கும் புரியாமலும் ஆச்சு" என்றாள். "எனக்கும் நாக்கு கூசத்தான் செய்யுது. என்ன பண்ண? மழை பேஞ்சா குடை பிடிச்சுக்கணும். வானத்தோட சண்டை போட முடியுமா?"

தராசுக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. சிரிக்கச் சொன்னால் சிரித்துத்தான் சொல்லத் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் குரல் பழகி, வழவழவென்று ஆகிவிட்டது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

புதன்கிழமை மதியம் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்தாள், வாழ்த்தினாள். "தங்கள் பயணம்" என்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. உடனே மறுபடி அதே எண் எரிந்தது. மறுபடி எடுத்தாள்; மறுபடி வாழ்த்தினாள். இந்த முறை "என்றும் தங்களுடன்" வரை போனது, பிறகு அறுந்தது.

அதற்கப்புறம் எரியவில்லை.

"யாருக்கா அது?"

"பசங்களா இருக்கும். லீவு விட்டாச்சுல்ல, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாக்குங்க. விடு."

திருப்பிக் கூப்பிடலாம். இங்கிருந்து அழுத்தினாலும் லிஃப்டுக்குள் குரல் போகும். தராசின் விரல் பொத்தான்மேல் போய் நின்றது. கூப்பிட்டாலும் முதலில் அதே வாழ்த்தைத்தான் சொல்ல வேண்டும். விளையாடுகிற பிள்ளைகளுக்கு மூன்றாவது முறையாக அதைச் சொல்வதா? கூப்பிடாமல் விட்டு, உள்ளே யாராவது இருந்துவிட்டால்? இந்தத் தட்டு, அந்தத் தட்டு. அதற்குள் இன்னொரு விளக்கு எரிந்தது. விரலை எடுத்தாள். "தவறுதலாக அழுத்தியது" என்று கணினியில் பதிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் கம்பி வந்தான். வழக்கமான நக்கல் முகத்தில் இல்லை. ஒரு கட்டடத்து வாட்ச்மேனே தேடி வந்து அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாராம். உள்ளே ஒரு தையல்காரர், தைத்த புதுத்துணிகளை வீடு வீடாகக் கொடுக்க வந்தவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், துணிமூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்த்தாராம், கசங்கிவிட்டதா என்று.

"பெல் அழுத்தலையான்னு கேட்டேன். 'ரெண்டு தரம் அழுத்தினேன் தம்பி. ரெண்டு தரமும் ஏதோ விளம்பரம் ஓடுச்சு. மெஷின்கிட்ட என்னத்தப் பேசறதுன்னு வச்சுட்டேன்'கிறாரு."

தராசு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். "அது நான்தான்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? தண்ணி குடிச்சாரு, நடந்து போயிட்டாரு" என்றான் கம்பி.

அக்கா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இங்க பாருடி. இதை வெளிய விடாத. வாழ்த்தால வந்த வினைன்னு நீ சொல்லுவ. ஏன் திருப்பிக் கூப்பிடலைன்னு அவர் கேப்பாரு. பிடிக்கிறது உன்னைத்தான் பிடிப்பாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. கையெழுத்து ஆகட்டும், அப்புறம் நீ என்ன வேணா பேசு."

"அப்புறம் பேசுவேனாக்கா?"

அக்கா நாற்காலியைத் தன் மேசைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போனால் அம்மா ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவர், தெரியாதவர், என்றைக்கோ பாத்திரம் விற்றவர் என்று எல்லாருக்கும் பூ மின்னுகிற வாழ்த்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். தராசு சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். திருப்பிக் கூப்பிடாததையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"வாழ்த்து சொல்றது ஒரு பாவமாடி?" என்றாள் அம்மா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாவம்னு யாரும்மா சொன்னது? கிணத்துல விழுந்தவனுக்கு முதல்ல கயிறைப் போடுவியா, பூவைப் போடுவியா?"

"நான் ரெண்டையும் போடுவேன்."

"பூ முதல்ல விழுந்தா, மேல ஆள் இருக்குன்னே அவனுக்குத் தெரியாதும்மா. ஏதோ மரத்துலேருந்து விழுந்ததுன்னு நினைச்சுப்பான்."

அம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க மாமா ஆளைப் பிடிச்சு, நடையா நடந்து வாங்கிக் கொடுத்த வேலை. ஊர் ஒரு பக்கம் போனா நீயும் அந்தப் பக்கம் போ. நீ ஒருத்தி எதிர்ப்பக்கம் நடந்து என்னத்தக் கண்டுட்ட? அவன் முகத்துல கரியைப் பூசிடாத, சொல்லிட்டேன்."

தராசு தட்டைக் கழுவி வைத்தாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். தையல்காரர் உள்ளேயே கிடந்தது வாழ்த்தாலா, தன்னாலா? வாழ்த்தால் என்றால் பேச வேண்டும். தன்னால் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தட்டு இரண்டும் ஒரு பக்கமும் சாயாமல் ஆடிக்கொண்டே இருந்தன. படுத்த பிறகும் ஆடின.

வியாழக்கிழமை காலை மேலாளர் எல்லாரையும் அறையில் கூட்டினார். அக்கா, தராசு, கம்பி, இன்னும் நாலைந்து மெக்கானிக்குகள், இரவு வேலை முடிந்து கொட்டாவி விட்டபடி இரண்டு பேர். மேலாளர் கையில் ஒரு கோப்பு. அதில் தன் நிரந்தர உத்தரவுத் தாள் இருப்பது தராசுக்குத் தெரியும். மேலே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல செய்தி" என்றார் மேலாளர். முகம் மலர்ந்திருந்தது. "சங்கத் தலைவர் காலையில கூப்பிட்டார். இப்பத்தான் உங்க ஆளுங்க மனுஷங்க மாதிரிப் பேசறாங்கன்னார். அதனால இனிமே வருஷம் முழுக்க, எந்தப் பண்டிகை வந்தாலும், யாருடைய பண்டிகையா இருந்தாலும், அந்த வாரம் வாழ்த்தோடதான் ஆரம்பிக்கணும். எப்படிச் சொல்லணும்கிறதுக்கு ஒரு உதாரணம் வச்சிருக்கேன். கேளுங்க."

மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"பண்டிகை நல்வாழ்த்துகள்! தங்கள் பயணம் இனிதாக அமைய எங்கள் லிஃப்ட் உதவி மையம் என்றும் தங்களுடன்—"

அவள் குரல். அவ்வளவு இனிமை, அவ்வளவு சிரிப்பு. கடைசியில் டொக் என்று ஒரு சத்தம், துண்டித்த சத்தம். அதற்கு முன்னால், வார்த்தைகளுக்குப் பின்னால், யாரோ தகரத்தைத் தட்டுவது போல மெல்லிய ஓசை. நேற்று அது அவள் காதில் விழவே இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள் அல்லவா.

"பாத்தீங்களா? ஒரு எழுத்து பிசகல. முழு மதிப்பெண்" என்றார் மேலாளர். "யாராவது பசங்க அழுத்தியிருக்காங்க போல. ஆனாலும் நம்ம பொண்ணு ரெண்டு தரமும் அதே சிரிப்போட சொல்லியிருக்கு. இதுதான் வேணும். யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

கம்பி தன் செருப்பைப் பார்த்தான். அக்கா ஹெட்போன் வயரில் விழுந்திருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் இதே தாளைக் கிழி கிழி என்று கிழித்த வாய்கள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. கொட்டாவி விட்டவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

"சார்" என்றாள் தராசு.

அக்காவின் கை வயரில் நின்றது.

"அது பசங்க இல்ல சார். ஒரு தையல்காரர். உள்ள மாட்டிட்டிருந்தார். நான் பேசினதை விளம்பரம்னு நினைச்சு வச்சுட்டார். அப்புறம் கத்திக்கிட்டே கிடந்திருக்கார். வாட்ச்மேன் பாத்துத்தான் திறந்தாங்க."

மேலாளரின் முகத்தில் மலர்ச்சி அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "பதிவுல தவறுதலா அழுத்தினதுன்னு இருக்கே?"

"நான்தான் சார் அப்படிப் போட்டேன்."

"திருப்பிக் கூப்பிடலையா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டே விட்டுட்டேன்."

"அப்ப உன் தப்பை மறைக்க வாழ்த்து மேல பழியப் போடறியா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இரவு முழுக்க அவளே தன்னைக் கேட்டது. ஆனாலும் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது சின்னதாக இருந்தது. பதில் சொல்லக்கூடிய அளவில் இருந்தது.

"நான் கூப்பிடாதது என் தப்பு சார். அது எனக்கு. ஆனா அவரு வச்சது நான் கூப்பிடாததால இல்ல. முதல்லயே ஆள் இல்லைன்னு நினைச்சுட்டாரு. மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல தெரிய வேண்டியது இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குங்கறது. வாழ்த்து வேணாம்னு சொல்லல. வெளிய வந்தப்புறம் எத்தனை வேணா சொல்லலாம். உள்ள தொங்கிட்டிருக்கும்போது அது வாழ்த்து இல்ல சார், ரெக்கார்டு."

"மத்த யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே?" மேலாளர் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு?"

அக்கா தொண்டையைச் செருமினாள். "நான்... வேகமாச் சொல்லிடுவேன் சார்" என்றாள். அது எந்தப் பக்கத்துப் பதில் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அப்போது சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரும் அசையவில்லை. ஒலிபெருக்கி இன்னும் அணைக்கப்படவில்லை; எடுத்தால் அறை முழுக்கக் கேட்கும். தராசுதான் பக்கத்தில் நின்றாள். மேலாளர் கோப்பால் விளக்கைக் காட்டினார். "எடு."

சுவரில் தாள். மேலாளர் கையில் கோப்பு. நீட்டிக்கொண்டிருந்த அந்த முனை. ஒரு நொடிகூட எடை போட நேரமில்லை. போட்டிருந்தால் வாய் திறந்திருக்காது.

"சொல்லுங்க. நான் இங்க இருக்கேன். ஆள்தான் பேசறேன்."

"ஆளா? அப்பாடா!" என்றது ஒரு கட்டைக் குரல். "பீரோவோட மாட்டிக்கிட்டேன்மா. நான் உள்ள, பீரோ என் மேல."

"அடி ஏதாவது பட்டிருக்கா?"

"அடி இல்ல. மூக்கு நசுங்குது. ஏற்கெனவே சப்பை மூக்கு, போனாப் போகுது. மூச்சு விடலாம். ஆனா திரும்ப முடியல. எப்படி இந்தப் பொத்தானை அழுத்தினேன்னு கேளு. முழங்கையால."

கம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டடம் இரண்டு தெரு தள்ளித்தான்.

"ஆள் கிளம்பியாச்சு. வர்ற வரைக்கும் பேசிட்டே இருங்க. பீரோவைத் தள்ளப் பாக்காதீங்க."

"நான் எங்கம்மா தள்ளறது, அதுதான் என்னைத் தள்ளுது. நீ இரு. வச்சுடாத."

"வைக்க மாட்டேன்."

அவர் பேசினார். பீரோ யாருடையது, எத்தனை மாடி, கூட வந்த மச்சான் எப்படிச் சாமர்த்தியமாகப் படியில் ஏறிப் போய்விட்டான், மேலே போய் அவன் என்ன சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான், எல்லாவற்றையும் பேசினார். தராசு நடுநடுவே "ம், இருக்கேன்" என்றாள். கொட்டாவி ஆசாமிகள் சிரிப்பை அடக்கத் தவித்தார்கள். கடைசியில் கதவு கிறீச்சிட்டது, கம்பியின் குரல் கேட்டது, "பீரோவுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" என்று மச்சான் கேட்டதும், அதற்கு இவர் சொன்ன பதிலும் கேட்டன. அதை எழுத முடியாது. பிறகு இணைப்பு அறுந்தது.

மேலாளர் ஒலிபெருக்கியை அணைத்தார்.

"முடிவுலயும் நீ வாழ்த்து சொல்லல" என்றார் மேலாளர்.

தராசு யோசித்துப் பார்த்தாள். "மறந்தே போச்சு சார்" என்றாள். அது உண்மை.

அவர் கோப்பை மூடினார். நீட்டிக்கொண்டிருந்த முனை உள்ளே போனது. "நாளைக்குப் பேசிக்கலாம்."

அன்றைக்கு முழுக்க அக்கா அவளோடு பேசவில்லை. கோபமா, வெட்கமா என்று தராசுக்குத் தெரியவில்லை. வீட்டில் அம்மா கேட்டதற்கு, "நாளைக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அம்மா மாமாவுக்கு ஃபோன் போட எடுத்து, போடாமல் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யோசிப்பதற்குள் தாளை நீட்டினார். தற்காலிகம் இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிப்பு. காரணம்: திருப்பி அழைக்கத் தவறியது. வாழ்த்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அனுப்பிடத்தான் நினைச்சேன்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "நேத்து சாயங்காலம் அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். பின்னாடி தட்டுற சத்தம் கேக்குது. முழு மதிப்பெண் போட்டப்ப எனக்குக் கேக்கல." பேனாவை மூடி வைத்தார். "போ. விளக்கு எரியுது பார்."

நிரந்தரமும் இல்லை, வெளியேயும் இல்லை. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில்தான். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் அறைக்குத் திரும்பினாள்.

சுவரில் தாள் இல்லை. நான்கு மூலை டேப் மட்டும், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, ஒட்டிக்கொண்டிருந்தது. யார் கிழித்தது என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அக்கா ஒரு அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் புரியும்படி.

"சொல்லுங்க. நான் இங்க இருக்கேன். ஆள்தான் பேசறேன்."

காலங்காலமாக அதையே சொல்லி வந்தவள் போலச் சொன்னாள். தராசைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசி முடித்ததும், ஆறிப்போன டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வேலை முடிந்து தராசு படியில் இறங்கினாள். உதவி மையம் இருந்த கட்டடத்திலும் ஒரு லிஃப்ட் உண்டு; அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாரும் அதில் ஏறுவதில்லை. இரண்டாவது திருப்பத்தில் மேலாளர் பையைத் தோளில் மாட்டியபடி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பண்டிகை. அவரைத் தாண்டிப் போகலாம். அவர் போகட்டும் என்று நிற்கலாம். இந்தத் தட்டு, அந்தத் தட்டு.

"சார், பண்டிகை நல்வாழ்த்துகள்."

அவர் நின்று திரும்பினார். அவள் முகத்தில் எதையோ தேடினார்.

"கிண்டலா?"

"இல்ல சார்" என்றாள் தராசு. "யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி இன்னும் ஒரு படி இறங்கினார். "உனக்கும்மா" என்றார், கீழே பார்த்துக்கொண்டே. இரண்டு பேரும் தெரு வரை சேர்ந்தே இறங்கினார்கள்.